குதிப்பவனும் மடிப்பவளும்

1940 ஜூன் 22. பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து கையெழுத்திட்ட நாள். பிரிட்டிஷ் படையோ பீரங்கிகளையும் லாரிகளையும் டன்கிர்க்கில் விட்டுவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தது. இருப்பதைக் காப்பாற்றவே வழி தெரியாத அந்த நாளில், பாராசூட் வீரர்கள் 5,000 பேராவது வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் குறிப்பு எழுதினார்.

மான்செஸ்டர் அருகே ரிங்வே விமானதளத்தில் பயிற்சி தொடங்கியது. கற்றுக்கொடுக்க வந்தவர்களும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். விட்லி குண்டுவீச்சு விமானம் ஆள் குதிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் அடியில் இருந்த துளை வழியே இறங்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் எதிர் விளிம்பில் முகம் மோதும். ஆனாலும் குதிக்க ஆள் கிடைத்தது.

ஜூலை 25 அன்று பாராசூட் சிக்கி ஒரு வீரர் இறந்தார். அவரிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. குறை முதுகில் இருந்த பையில். பயிற்சியை நிறுத்தினார்கள். முதலில் கயிறுகள் நீண்டு, பிறகே துணி விரியும்படி அமைப்பை மாற்றினார்கள். அதன்பின்தான் மீண்டும் குதித்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முழுவதும் பிரிட்டிஷ் பாராசூட் வீரருக்கு ஒரே பாராசூட்தான், மாற்று கிடையாது. ரிங்வேயில் அதை மடித்தவர்கள் விமானப்படையின் மகளிர் துணைப்படைப் பெண்கள். நீண்ட மேசையில் துணியைப் பரப்பி, கயிறுகளை நேராக்கி, ஒவ்வொரு மடிப்பையும் சரிபார்த்தார்கள். போர் முடிவதற்குள் 60,000 பேருக்கும் மேல் அங்கே குதிக்கப் பயிற்சி பெற்றார்கள். குதித்தவர்களுக்குப் பதக்கம் உண்டு, பாடல் உண்டு. மடித்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் சுமார் 10,000 பேர் வான்வழியே இறங்கினார்கள். துணிச்சல் அங்கும் குறையவில்லை. ஆனால் பிடிக்க வேண்டிய பாலத்துக்குப் பல மைல் தள்ளி இறக்கப்பட்டார்கள். வானொலிக் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை. தரைவழியே வர வேண்டிய படை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே ஆற்றைக் கடந்து மீண்டார்கள். பாராசூட்டுகள் ஒழுங்காகவே விரிந்தன. திட்டத்தைத்தான் யாரும் அந்த அக்கறையோடு மடிக்கவில்லை.

துணிச்சல் தனி மனிதனின் சொத்து என்று நினைக்கிறோம். பாதி உண்மை. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குதிக்க, பலர் கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்திருக்க வேண்டும். ஆபத்தான வேலைக்கு ஆள் அனுப்புகிற எவருக்கும் இது பொருந்தும். பிறரைக் குதிக்கச் சொல்லும் உரிமை, அவர்களுடைய பாராசூட்டைப் பிழையில்லாமல் மடித்தவர்களுக்கு மட்டுமே உண்டு.