மஞ்சள் வெயில் காட்டும் மலை

ராயக்கோட்டை மலையையோ கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலையையோ படம்பிடிப்பவர்கள், வெயில் தாழும் கடைசி ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ‘கோல்டன் ஹவர்’ என்பது அவர்கள் வழக்கு. உச்சிவெயிலில் சாம்பலாய் வெந்து கிடந்த பாறை அப்போது பொன்னாகிறது. அந்தப் பொன் மலையுடையதா? இல்லையென்றால் படம் பொய்யா? அடிவானத்துச் சூரியனின் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன. ஆகவே நிறம் காற்று கொடுத்தது. இதைக் கொண்டு ‘எல்லாம் மயக்கம்’ என்று முடிவுகட்டினால் அவசரமாகிவிடும். நண்பகல் ஒளியும் காற்று வடிகட்டித் தந்ததுதானே. சாம்பலை உண்மையென்றும் பொன்னைப் பூச்சென்றும் பிரிக்க நமக்கு என்ன ஆதாரம்? 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உயிரைப் பளிங்குக்கு ஒப்பிடுகிறது: எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது அதன் இயல்பு. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் கதிரவன் காட்டாமல் அது காணாது என்பதும் அம்மரபின் உவமையே. காட்டும் ஒளி சேராத ‘தனி மலை’யை யாரும் கண்டதில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். சாய்ந்த வெயில் நிறம் ஏற்றுவதோடு நிற்பதில்லை, மேடுபள்ளத்தை எழுதிக் காட்டுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். அவற்றின் தேய்ந்த எழுத்தைப் படிக்க ஆய்வாளர்கள் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுவது அதனால்தான். நேர் வெயிலில் மழுங்கிக் கிடக்கும் கீறல் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும். மிக அழகாக்கும் அதே ஒளிதான் மிகுதியாக வெளிப்படுத்துவதும்.

பொய் நுழைவது வேறு வாசல் வழியாக. 1792இல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும், பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இப்பகுதிக்கு வந்து வரைந்த மலைக்கோட்டைக் காட்சிகள் பின்னர் லண்டனில் அச்சாகின. அவற்றில் நிறைந்திருப்பது அமைதி. ராயக்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது அவர்கள் வருவதற்கு முந்தைய ஆண்டுதான். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை இந்நிலத்தை மைசூரின் திப்பு சுல்தானிடமிருந்து பறித்ததும் அதே 1792. இன்று விடுபடுவது வேறு: இங்கே கிரானைட் குவாரிகள் குன்றுகளைப் படிப்படியாக அறுத்தெடுக்கின்றன. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய பாறை பலகைகளாகி லாரியில் போகிறது. வெட்டுண்ட பக்கத்தை விலக்கி மறுபக்கத்தை மட்டும் எடுத்து, தீண்டப்படாத இயற்கை என்று நீட்டும் படத்தில் பிழை செய்தது சட்டகம். வெயில் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே விழுந்திருந்தது.

எந்தச் சட்டகமும் எதையாவது விட்டுத்தானே ஆகும் என்பார்கள். உண்மை, மறைத்தலையே இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக வைத்த சைவ சித்தாந்த மரபு அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த மறைப்புக்கு ஒரு நோக்கம் சொல்லப்படுகிறது: உயிர் பக்குவப்பட்டு ஒரு நாள் காண வேண்டும் என்பது. திரோதானம் எனப்படும் அம்மறைப்பு அருளாவது அதனால். காணவே வேண்டாம் என்று மறைப்பதை அதன் பெயரால் காக்க இயலாது. இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று: அறுபட்ட பாறையையும் பொன்னொளியில் எடுத்தால் காயத்துக்கு நகை பூட்டியதாகாதா? ஆகக்கூடும், தொலைவில் நின்று நிறத்தை மட்டும் அள்ளினால். பக்கத்தில் போனால் அதே சாய்ந்த ஒளி, வரிசை வரிசையாகத் துளையிட்ட தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும். வெட்டுண்ட பக்கத்தைக் காட்டுவது குவாரியில் பிழைப்பவர்களை இழிவுபடுத்தும் என்றும் சொல்லலாம். அவர்களையும் சேர்த்து வெட்டியெறியும் படமே எனக்குப் பெரிய இழிவாகப் படுகிறது. வெயில் அப்படி யாரையும் வெட்டுவதில்லை. ஓசூரில் சிவன் சந்திரசூடேஸ்வரராகக் குடியிருப்பது ஒரு குன்றின்மேல். அவர் தலையில் சூடிய பிறைக்குச் சொந்த ஒளி கிடையாது. கீழே ஊரும் ஆலைக் கூரைகளும். மாலையில் கோபுரத்துக்கு வரும் அதே மஞ்சள் அந்தத் தகரத்துக்கும் வருகிறது.