அலை சென்ற பின் அளவுகோல்

ஊரைக் கடல் கொண்டுபோய் இரண்டு வாரங்கள்கூட நிறையவில்லை. ஒருபுறம், இன்னும் கிடைக்காத தன் பிள்ளையைத் தேடி ஒரு தாய் மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். மறுபுறம், எங்கிருந்தோ வந்த ஒருவர், இடிந்த சுவரில் படிந்த நீர்க்கறை தரையிலிருந்து எத்தனை அடி என்று கோல் பிடித்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். இது தகுமா? ஆழிப்பேரலை தாக்கிய கரைகளில் அறிவியலார் நடத்தும் ஆய்வுகளைப் பற்றிப் படிக்குந்தோறும் இக்கேள்வி நம் உள்ளத்தை உறுத்தாமல் இருப்பதில்லை.

ஜனாஸா கிடக்கும் வீட்டில் குரலை உயர்த்திப் பேசவும் கூசும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். அவ்வீட்டு வாசலில் நின்று, 'நீர் எத்திசையிலிருந்து வந்தது? எத்தனை அலைகள்? முதல் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்?' என்று வினவுவதை எந்த மனம் ஏற்கும்? ஆய்வாளர் ஏறி வந்த படகில் இரண்டு மூட்டை அரிசி வந்திருக்கலாகாதா என்று கேட்பவரை நாம் கடிந்துகொள்ளவும் இயலாது. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் ஆய்வாளரின் அவசரத்துக்கும் காரணம் உண்டு. அலை விட்டுச் செல்லும் சாட்சியங்கள் நீண்ட நாள் நில்லா. ஒரு மழை பெய்தால் சுவரின் கறை கழுவப்பட்டுவிடும். மரக்கிளையில் சிக்கிய வலையையும் துணியையும் காற்று கொண்டுபோகும். உப்புநீரில் கருகிய செடி மீண்டும் துளிர்க்கும். இடிபாடுகளை அகற்ற வரும் இயந்திரம் எஞ்சியதையும் துடைத்துவிடும். மனித நினைவோ, தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் சில வாரங்களிலேயே ஒன்றாகக் கலந்துவிடும். ஆதலின் நீர் எவ்வளவு உயரம் ஏறிற்று, நிலத்துள் எவ்வளவு தூரம் புகுந்தது, எவ்வளவு மணலைக் கொணர்ந்து பரப்பியது என்பனவற்றை உடனே அளந்தாக வேண்டும். அலை வந்த நேரத்தில் கடல் ஏற்றத்திலிருந்ததா, வற்றத்திலிருந்ததா என்று பார்த்து அந்த அளவுகளைத் திருத்தவும் வேண்டும். துக்கத்தின் காலமும் சாட்சியத்தின் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதுதான் இதிலுள்ள சங்கடம்.

இதை விளங்கிக்கொள்ள இந்தோனேசியாவின் பாபி என்னும் சிறு தீவை நினைத்துப் பார்ப்போம். ஃபுளோரஸ் தீவின் வடகரைக்கு அப்பால், ஏறக்குறைய வட்ட வடிவில், நடுவே குன்று எழுந்து நிற்கும் தீவு அது. குறுக்களவு இரண்டரை கிலோமீட்டர் அளவே. அதன் தென்புறக் கரையில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று முஸ்லிம்கள் வாழ்ந்தது. மற்றது கிறிஸ்தவர்கள் வாழ்ந்தது. 1992 டிசம்பர் 12 அன்று நண்பகல் கழிந்த வேளையில் ஃபுளோரஸை உலுக்கிய நிலநடுக்கம் பேரலையை எழுப்பிற்று. ஃபுளோரஸின் ஓரிடத்தில் நீர் 26 மீட்டர் உயரம் வரை ஏறியது. நிலநடுக்கமும் அலையுமாக இரண்டாயிரம் பேர் அளவில் மாண்டனர்.

பாபியை நோக்கி அலை வந்தது வடக்கிலிருந்து. ஊர்கள் இருந்ததோ தெற்கில், குன்றின் மறைவில். பாதுகாப்பான புறம் என்று நாமும் அதையே தேர்ந்திருப்போம். ஆனால் அந்த இரண்டு ஊர்களும் துடைத்தெடுக்கப்பட்டன. ஆயிரத்துச் சொச்சம் மக்களில் 263 பேர் மடிந்தனர். முஸ்லிம் ஊரின் பக்கம் நீர் ஏழு மீட்டர் உயரம் ஏறியிருந்ததை ஆய்வுக் குழுவினர் அளந்தனர்.

முதுகுப்புறத்தில் இந்த அடி விழுந்தது எப்படி? இந்தோனேசியரும் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து எடுத்த அளவுகள் இக்கேள்வியோடு ஆய்வுக்கூடம் சென்றன. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரில், 30 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள பெரிய நீர்த்தொட்டியில் கூம்பு வடிவில் ஒரு செயற்கைத் தீவை அமைத்து, அதன்மீது அலைகளை ஏவிப் பார்த்தனர். முன்புறத்தில் மோதிய அலை இரண்டாகப் பிரிந்து, தீவின் இரு பக்கமும் கரையைத் தழுவியபடியே வளைந்து ஓடிப் பின்புறத்தில் ஒன்றோடொன்று மோதிற்று. மோதிய இடத்தில் நீர் உயர்ந்து எழுந்தது. பாபியின் ஊர்கள் இருந்தது அத்தகைய இடத்தில்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பேரழிவு நேரும்போதெல்லாம், 'இவர்கள் என்ன பாவம் செய்தார்களோ' என்று பேசும் நாவுகள் எங்கும் உண்டு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அச்சேயிலும் இப்பேச்சு எழுந்தது. மாண்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இவ்வழக்கத்தைவிட அளவுகோல் பிடித்த அந்நியர் கொடியவரல்லர் என்பது நம் கருத்து. பள்ளிவாசலுக்குச் சென்றவர் ஊரையும் தேவாலயத்துக்குச் சென்றவர் ஊரையும் அலை ஒன்றுபோலவே கொண்டுபோயிற்று. தீவு வட்டமாக இருந்தது. நீர் அதைச் சுற்றி வந்தது. இதைச் சொல்வது இறைவனின் நாட்டத்தை மறுப்பதாகாது. அவன் படைத்த நீர் அவன் விதித்த முறைப்படியே ஓடிற்று என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன்மீதே சுமத்திக்கொள்ளும் பழியை இந்த விளக்கம் ஓரளவேனும் இறக்கிவைக்கக்கூடும். நாகூரில் அதே 2004-இல், மாண்டோரின் மதம் எதுவென்று கேளாமல் தர்காவுக்குரிய மண்ணில் அடக்கத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திராது.

எனினும் ஆய்வாளரை நாம் முழுதும் விடுவித்துவிடவில்லை. துயருற்றவரிடம் சாட்சியம் பெற்றவர் கடனாளி ஆகிறார். பெற்றதைக் கொண்டு தம் நாட்டு ஏட்டில் கட்டுரை எழுதி முடித்துவிட்டால் அக்கடன் அடைபடாது. அது மீண்டும் ஒரு கடற்கரைக்கு, அங்குள்ள மக்களுக்குப் புரியும் மொழியில், திரும்பிச் செல்ல வேண்டும்.

அப்படித் திரும்பியதும் உண்டு. 1998 ஜூலை 17 அன்று பாப்புவா நியூகினியில், சிசானோ காயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் இருந்த ஊர்களைப் பேரலை அழித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நிகழ்ச்சியைப் பற்றிய படம் ஒன்று அடுத்த ஆண்டில் வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்த் தீவில் மார்ட்டெல்லி விரிகுடாவை அடுத்த சிற்றூரில் காட்டப்பட்டது. சில வாரங்களே கழிந்திருக்கும். 1999 நவம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவில் அங்கே நிலம் நடுங்கிற்று, கடல் பின்வாங்கிற்று. படத்தில் கண்டது நினைவுக்கு வர, மக்கள் மேட்டை நோக்கி ஓடினர். ஊர் அழிந்தது. ஏறத்தாழ முந்நூறு பேரில் மாண்டவர் மிகச் சிலரே. சிசானோவில் எவரோ கண்ணீரோடு சொன்னதும் எவரோ தயங்கித் தயங்கிக் கேட்டதும் பெருங்கடலின் வேறொரு கரையில் பிள்ளைகளைக் காத்தன.

கருவிகள் ஏதுமின்றி இப்பணியைச் செய்தவர்களும் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமேலு தீவில் 1907-இல் பேரலை பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தனர். தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகே இருந்தது அத்தீவுதான். அங்கிருந்த எழுபத்தெட்டாயிரம் பேர் அளவிலான மக்களில் மாண்டவர் ஏழு பேர்.