வாயில்லா ஜீவன்களின் மொழி

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மிருகங்களோடு பேசக் கற்றுத் தருகிறோம் என்று இப்போது இணையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. பூனையின் புகைப்படத்தை அனுப்பினால் போதும், அதன் மனதில் உள்ளதைச் சொல்கிறோம் என்று காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இவற்றைப் பார்க்கிறார்கள். இதில் மார்க்கம் எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்பதை இன்று சிந்திப்போம்.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குக் கிடைத்த கல்வி

பறவைகளின் பேச்சு தங்களுக்குக் கற்றுத் தரப்பட்டதாக ஸுலைமான் (அலை) அவர்கள் சொன்னதை அந்நம்ல் அத்தியாயத்தின் 16-வது வசனம் எடுத்துரைக்கிறது. அது பயிற்சியால் வந்ததல்ல. அல்லாஹ் கொடுத்த முஃஜிஸா. ஆகவே, தொலைவில் இருக்கும் பிராணியின் உள்ளத்தைப் படத்தைப் பார்த்தே அறிவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் மறைவான ஞானத்தை வாதிடுகிறார். அதை நாம் ஏற்க முடியாது.

ஆனால் பேச்சு அத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்து வரும் 18-வது வசனத்தைப் பாருங்கள். படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, தன் கூட்டத்தாரைப் புற்றுகளுக்குள் போகும்படி எச்சரிக்கிறது. ஸுலைமானும் படையினரும் தங்களை அறியாமலேயே மிதித்துவிடக் கூடாதே என்பது அதன் கவலை. அந்தச் சின்னஞ்சிறு எறும்பு, மிதிக்கப் போகிறவர்களுக்கும் நல்லெண்ணம் வைத்து, அறியாமல் செய்வார்கள் என்று காரணம் சொல்லிவிட்டது!

அதைக் கேட்ட ஸுலைமான் (அலை) என்ன செய்தார்கள்? புன்னகைத்தார்கள். தங்கள் ஆற்றலைப் பெருமை பேசவில்லை. நன்றி செலுத்தவும் நல்லமல் செய்யவும் அருள்புரியும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். பிராணியின் பேச்சு புரிந்தால் மனிதனுக்கு வர வேண்டியது பணிவும் பொறுப்பும்தான்.

நமக்குத் திறந்திருக்கும் வழி

முஃஜிஸா நபிமார்களுக்கு உரியது. நமக்கு அல்லாஹ் கண்ணையும் காதையும் இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்திருக்கிறான். அவையே போதும் என்பதற்கு ஒரு வரலாறு.

தாகத்தால் கிணற்றில் இறங்கி நீர் அருந்தி மேலே வந்தார் ஒரு மனிதர். அங்கே ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு, தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்தது. சற்றுமுன் தனக்கு ஏற்பட்ட அதே தாகம் இதற்கும் ஏற்பட்டிருக்கிறது என்று அவர் நினைத்தார். மீண்டும் இறங்கினார். காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக இது வருகிறது.

கவனியுங்கள்! அந்த நாய் எதுவும் பேசவில்லை. அவரும் எந்த வகுப்புக்கும் போகவில்லை. தன் தாகத்தை வைத்து அதன் தாகத்தைப் புரிந்துகொண்டார். புரிந்ததோடு நிற்காமல் கிணற்றில் இறங்கினார். மன்னிப்பு அங்கேதான் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்திற்குள் போனார்கள். அவர்களைக் கண்டதும் அங்கிருந்த ஒட்டகம் முனகிக் கண்ணீர் வடித்தது. நபி (ஸல்) அவர்கள் அருகில் சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியானது. உடனே உரிமையாளரான இளைஞரை அழைத்து, அதைப் பட்டினி போடுகிறீர், அளவுக்கு மீறி வேலை வாங்குகிறீர் என்று அது முறையிடுகிறது, இதன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கண்டித்தார்கள். அறிவிப்பவர் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி), நூல்: அபூதாவூத். ஒட்டகத்தின் முறையீட்டை விளங்கியது நபித்துவத்தின் சிறப்பு. ஆனால் ஒட்டிய வயிறும் வழியும் கண்ணீரும் அந்த இளைஞரின் கண்ணுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

நாம் வாழும் இடத்தில்

அன்பானவர்களே! நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் பெரிய கார் தொழிற்சாலை வந்தது. அல்லாஹ் பல குடும்பங்களுக்கு இங்கே ரிஸ்கைத் திறந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்! அதே வேளையில் மாடு மேய்ந்த நிலங்களில் பலவும் மதில் சுவருக்குள் போயின. அந்த மாடுகள் இப்போது வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நிற்கின்றன. 6:38 வசனம் அவற்றையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்கிறது. அவை சொல்வதை ஓரளவாவது படிக்கக் கற்றுக்கொள்வோம்.

மாடு: நலமான மாடு நாளில் பல மணி நேரம் அசை போடும். அசை நின்றால், காது தொங்கினால், பல்லை நறநறவென்று கடித்தால் அது வலியைச் சொல்கிறது. இரவில் காய்ந்த தார்ச்சாலையில் படுத்திருக்கும் மாடு வெளிச்சத்தில் திகைத்து நின்றுவிடும். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருபவர்களே! ஹாரன் அடித்தால் விலகும் என்று நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். போவது அதன் உயிர் மட்டுமல்ல. மாடு வைத்திருப்பவர்களே! இரவில் அதைத் தொழுவத்தில் கட்டுவது உங்கள் மீதுள்ள அமானிதம். அடிபட்ட கால்நடையைக் கண்டால் 1962 என்ற இலவச எண்ணை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

நாய்: வாலாட்டினாலே நட்பு என்று எண்ண வேண்டாம். உடல் விறைத்து, முறைத்துப் பார்த்து, உறுமினால் அது எச்சரிக்கை. முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கினால் அது பயம். குட்டி போட்ட நாயின் அருகில் போகாதீர்கள். ஓடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். வெறிநோயின் அறிகுறி வந்தபின் பிழைப்பது மிக அரிது.

பூனை: மழையிலும் குளிரிலும் வண்டியின் எஞ்சின் அருகே ஒதுங்கும். கிளப்புமுன் பானெட்டை இருமுறை தட்டுங்கள்.

நாய் நஜிஸ்தானே என்று சிலர் கேட்கலாம். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணோடு, கழுவச் சொன்னது நம் மார்க்கம்தான். அதற்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்பு உண்டு என்று சொன்னதும் அதே மார்க்கம்தான். சுத்தத்தின் சட்டம் வேறு, இரக்கத்தின் கடமை வேறு. தனிப் பாத்திரம் வையுங்கள். பிறர் நடக்கும் வழியில் மட்டும் வைக்காதீர்கள்.

அவை நம்மைப் படிக்கின்றன

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது.

சுப்ஹானல்லாஹ்! நம் தலையசைவைக்கூட ஒரு பிராணி இவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது. ஆறறிவு பெற்ற நாம், பசித்த வயிற்றை, நொண்டும் காலைக் கவனிக்காமல் கடந்து போகலாமா?

மறுமையின் கேள்வி

பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்தப் பூனை பசியால் கத்தியிருக்கும். அந்தச் சத்தம் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

எறும்பு நமக்காகச் சொன்ன காரணம் அறியாமை. அறியாதவனுக்குத்தான் அது பொருந்தும். பார்த்த பிறகும், கேட்ட பிறகும், அந்தக் காரணத்தை அல்லாஹ்விடம் சொல்ல முடியாது. இன்று வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு ஜீவனையாவது நின்று கவனியுங்கள். அதற்கு என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததைச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் வாயில்லா ஜீவன்களின் தேவையை உணரும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! நம் கைகளாலும் வாகனங்களாலும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! இரவுப் பணிக்குச் சென்று வரும் நம் மக்களைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பானாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!