தொட்டிக்கு அடியில்

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம் ஒரு செம்பருத்தித் தொட்டி. போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் அதை நகர்த்தினேன். அடியில் ஒரு பூரான் சுருண்டு கிடந்தது. ஓடவில்லை. ஓடாத பூரானை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். குனிந்து பார்த்தால் சுருளுக்கு நடுவே குட்டிக்குட்டியாக முட்டைகள்.

"என்னடா பாத்துட்டு நிக்கற? செருப்பால ஒண்ணு போடு" என்றாள் அம்மா.

"முட்டை வெச்சிருக்கும்மா."

"அப்ப ரெண்டு போடு."

நான் போடவில்லை. தொட்டியை மெதுவாக அதே இடத்தில் வைத்தேன். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை.

இரவு பூரான்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். நம் வீடுகளில் வரும் பெரிய பூரான்கள் பெரும்பாலும் ஸ்கோலோபெண்ட்ரா வகை. 21 ஜோடிக் கால்கள். கடிப்பது பல்லால் இல்லை. முன்னால் இருக்கும் ஒரு ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, பூஞ்சை பிடிக்காமல் நக்கிக்கொண்டே வாரக்கணக்கில் கிடக்கும். பொரிந்த குஞ்சுகளையும் கொஞ்ச நாள் அப்படியே அணைத்திருக்கும். படிக்கப் படிக்க என் மரியாதை இன்னும் ஏறியது.

பிறகு கல்பூரான்கள் வந்தன. 1814-ல் லீச் என்ற ஆங்கிலேயர் லித்தோபியஸ் என்று பெயர் வைத்த பேரினமும் அதன் உறவுகளும். கல்லில் வாழ்வது என்று பொருள். குளிர்ப் பிரதேசங்களில்தான் அதிகம். வளர்ந்தால் 15 ஜோடிக் கால்கள். அதன் தாய் ஒவ்வொரு முட்டையாக இடும், மண்ணைப் பூசி உருட்டும், விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு எல்லாக் கால்களோடும் பிறப்பதில்லை. ஏழு ஜோடி போலத் தொடங்கி, தோலுரிக்க உரிக்கத்தான் மீதிக் கால்கள் முளைக்கும். தனியாக.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. தொட்டிக்கு அடியில் இருந்தது கல்பூரானாக இருந்திருந்தால் அடித்திருப்பேன். மண்ணைப் பூசி மறைப்பதும் ஒரு பாதுகாப்புதான், ஆனால் அது என் கண்ணுக்கு அம்மா மாதிரித் தெரியாது. அப்படியென்றால் நான் விட்டது பூரானையா, அதில் தெரிந்த என் அம்மாவையா?

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் நேமிநாதருக்குக் கோயில் இருந்தது என்பார்கள். 'நேமிநாதம்' என்ற இலக்கண நூலுக்குப் பெயர் அவரால் வந்ததுதான். சமணர்கள் சொல்லும் கதையில், அவர் கல்யாணத்துக்குப் போகும் வழியில் விருந்துக்காக அடைத்து வைத்த மிருகங்களின் அலறலைக் கேட்கிறார். கல்யாணத்தையே விட்டுத் துறவு போகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் அவர் காதில் விழ ஒரு குரல் தேவைப்பட்டது. பூரானுக்குக் குரல் இல்லை. என் விஷயத்தில் குரலின் வேலையை முட்டைகள் செய்தன. எதையும் காட்டாத உயிருக்கு யார் நிற்பது? கல்யாணத்தை விடுகிற ஆள் நான் இல்லை என்பது வேறு.

மூன்றாம் நாள் ஆசை தாங்காமல் தொட்டியை மறுபடி தூக்கினேன். பூரான் இருந்தது. முட்டைகள் இல்லை. இந்தத் தடவை ஓடியது.

தொந்தரவுக்குள்ளான தாய் முட்டைகளைத் தின்றுவிடுவது உண்டு. அதையும் அந்த இரவே படித்திருந்தேன், தெரிந்துகொண்டேதான் தூக்கினேன். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் சொன்னப்பவே அடிச்சிருந்தா அது பெத்ததை அதுவே தின்ன வேண்டாம்ல" என்றாள். பதில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவள் செருப்பைத் தூக்கச் சொன்னது பயத்தில். நான் தொட்டியைத் தூக்கியது அன்பில் என்றுதான் நினைத்திருந்தேன். வேடிக்கை பார்க்கத்தான்.

மார்கழியில் பாத்ரூமில் ஒன்று வந்தது. நல்ல நீளம். சுருளவில்லை, முட்டை எதுவும் இல்லை, வாளிக்குப் பின்னால் ஓடப் பார்த்தது. அடித்துவிட்டேன். முறத்தில் அள்ளும்போது பெண்ணா என்று பார்க்கத் தோன்றியது. பூரானில் அதை வெளியே பார்த்துச் சொல்வது சுலபமில்லை.