கடன்பட்ட குரல்

இளம் பாடகன் ஒருவன் திடீரெனப் புகழ்பெறும்போதெல்லாம், "இவன் பாடுவது இவனுடையதுதானா?" என்ற வினாவும் உடன் எழுகின்றது. இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. உள்ளம் ஒன்றிப் பாடினால் அதுவே உண்மைக் கலை என்பர் ஒரு சாரார். எந்த மக்களிடையே ஒரு பாட்டுப் பிறந்ததோ, அம்மக்களுள் ஒருவனே அதனை உண்மையாகப் பாடமுடியும் என்பர் மற்றொரு சாரார். எல்விஸ் பிறெஸ்லி புகழ்பெற்ற வரலாற்றை நோக்குவோமாயின், இவ்விரு விடைகளும் போதாமை புலனாகும்.

1935இல் மிசிசிப்பி மாநிலத்தில் வறிய வெள்ளையர் குடும்பமொன்றிற் பிறந்த பிறெஸ்லி, 1954இல் மெம்பிஸ் நகரில் லொறிச் சாரதியாக வேலைசெய்த பத்தொன்பது வயது இளைஞர். அவ்வாண்டு யூலையில் ஸண் நிறுவனத்துக்காக அவர் பாடிய 'தற்ஸ் ஓல் றைற்' என்னும் பாட்டு, ஆதர் குறூடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் இசைத்தட்டிற் பாடிய பாட்டாகும். மெம்பிஸ் வானொலியில் அது ஒலித்த இரவில், அறிவிப்பாளர் பிறெஸ்லியை வரவழைத்து, அவர் கற்ற பாடசாலை எதுவென வினவினார். பாடசாலைகள் நிறத்தாற் பிரிக்கப்பட்டிருந்த நகரில் அப்பெயர் ஒன்றே போதுமானதாயிருந்தது. பாடியவர் வெள்ளையர் என்பதை நேயர்கள் அறிந்துகொண்டனர்.

பிறெஸ்லி பொய்யரா? அல்லர். அவ்விசையை இளமை முதலே விரும்பிக் கேட்டவர் அவர். தாம் பாடும் முறை கறுப்பின மக்கள் நெடுங்காலமாகப் பாடிவந்ததே என்பதை, 1956இற் பத்திரிகைப் பேட்டியொன்றிற் குறூடப்பின் பெயரையும் குறிப்பிட்டு வெளிப்படையாகவே கூறினார்.

பிறப்பை அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது. அவ்வாண்டிற் பிறெஸ்லி பாடிப் பெரும்புகழ் ஈட்டிய 'ஹவுண்ட் டோக்' பாட்டை, 1952இலேயே இசைத்தட்டிற் பதித்தவர் பிக் மாமா தோர்ன்ரன் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவர் குரலைக் கேட்போர், பாட்டு அவருடைய வாழ்விலிருந்தே வெடித்தெழுந்தது என்று கொள்வர். ஆயின், அதனை இயற்றியோர் லீபர், ஸ்ரோலர் என்னும் யூத இளைஞர் இருவர். கறுப்பின இசையில் தோய்ந்த வெள்ளையர். கலை கைமாறி வளர்வது. கடன் வாங்காத கலைஞன் உலகில் இல்லை.

அவ்வாறாயின் தவறு எங்கே உளது? 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. விக்ரர் நிறுவனம் பிறெஸ்லியின் ஒப்பந்தத்தை ஸண் நிறுவனத்திடம் 35,000 டொலருக்கு வாங்கியது. குறூடப்பின் பாட்டைப் பதித்ததும் இதே நிறுவனந்தான். குறூடப்போ, உரிமைப்பணம் கிடைக்காமையால் இசைத்தட்டுத் தொழிலை வெறுத்து விலகி, கூலியுழைப்பாற் பிழைத்தார். அப்பணத்துக்காகப் போராடியும் பெறாமலே 1974இல் மறைந்தார். தமக்குக் கிடைத்தது 500 டொலர் மட்டுமே எனத் தோர்ன்ரன் பிற்காலத்திற் கூறினார். பத்திரிகையிற் சொல்லப்பட்ட நன்றி கணக்கேட்டில் ஏறவில்லை.

எனவே, பாடகனின் நெஞ்சைச் சோதிப்பதோடு நின்றுவிடும் விமர்சனம், முதலாளியின் கணக்கேட்டைத் திறவாது விட்டுவிடுகின்றது. 'அசல்' என்பதும் சந்தையில் விலைபோகும் சரக்கே. வறுமையிற் பிறந்த இளைஞனின் கதையை விற்ற அதே சந்தைதான், அவனுக்குப் பாட்டளித்த வறியவரை மறைத்துவிட்டது.

இதனால் தனிமனிதனின் பொறுப்பு நீங்கிவிடுமா? நீங்காது. 1956இல் வெளிவந்த 'டோன்ற் பீ குறூவல்' பாட்டை இயற்றியவர் ஒற்றிஸ் பிளக்வெல் என்னும் கறுப்பினத்தவர். ஆயினும், பிறெஸ்லி பாடுவதற்கு விலையாக உரிமையிற் பாதியை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இயற்றியோர் வரிசையிற் பிறெஸ்லியின் பெயரும் இடம்பெற்றது. நேர்மையான குரல் நேர்மையற்ற ஏற்பாட்டுக்கு இசைந்துபோவது இவ்வாறுதான். புகழ் வலிமையைத் தருகின்றது. அவ்வலிமையை எவருக்காகப் பயன்படுத்தினான் என்பதே கலைஞனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

புதிய பாடகர் ஒருவரைக் குறித்து, "இவர் அசலா, போலியா?" என மாணவர் வினவும்போது, அவ்வினாவை விரித்துக் கேட்கப் பழக்குதல் எம் கடமை. இப்பாட்டை முன்னர் பாடியவர் யார்? அவர் பெயர் எங்கே? அவருக்குரிய பணம் எவர் கையிற் சேர்ந்தது? கடன் வாங்குதல் கலையின் இயல்பு. கடனை மறைத்தலே போலி.