ஆநிரையும் இளவரசியும்

கடத்தப்பட்ட இளவரசி, கடல் தாண்டி வரும் வீரன், துணைக்குப் பேசும் விலங்குகள். குழந்தைகளின் கார்ட்டூன் உலகம் அலுக்காமல் சொல்லும் இந்தக் கதைக்கு நம்மிடம் ஒரு மூத்த வடிவம் உண்டு. ஜப்பானின் யூகோ சாகோ, கோய்ச்சி சசாக்கி, நம் நாட்டு ராம் மோகன் மூவரும் இயக்கி 1993இல் திரைக்கு வந்த அனிமேஷன் ராமாயணம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரல்களோடு திரையரங்குகளுக்கு வந்தது. கையால் வரைந்த அந்தக் காட்டையும் கடலையும் நான் குறைசொல்ல மாட்டேன். போர் முடிகிறது, இருவரும் சேர்கிறார்கள், படம் நிறைவடைகிறது. தீக்குளிப்பு இல்லை. குழந்தைகளுக்கு அது எதற்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் தீயை எடுத்துவிட்டால் ‘மீட்பு’ என்ற சொல் மாசில்லாமல் நிற்கிறது. என் சந்தேகம் அந்தச் சொல்லின் மேல்தான்.

எதையெல்லாம் மீட்கிறோம்? சேத்தியாத்தோப்பில் ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்ததும் பெண்கள் அடகுக் கடைக்குப் போவார்கள், நகையை மீட்க. ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்பார்கள். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று தனித் திணையாகவே வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. மீட்கும்போது இறந்தவனுக்கு நடுகல் உண்டு. எந்தப் பக்கம் இருக்க விருப்பம் என்று மாட்டை யாரும் கேட்பதில்லை. வாயுள்ள ஒருத்தியை மீட்கும்போதும் அதே இலக்கணம்தானா?

கம்பனில் அனுமன் சீதையைத் தோளில் சுமந்து போய்விடுகிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள். உலகங்களையே தன் சொல்லால் சுட்டுவிட முடியும், ஆனால் அது ராமனின் வில்லுக்கு இழுக்கு என்கிறாள். கற்பின் பெருமையாக உரைகள் கொண்டாடும் இடம் இது. எனக்கு இங்கே வேறொன்று உறைக்கிறது. விடுபடும் வலிமை அவளிடமே இருக்கிறது. மீட்பவனின் பெயருக்காக அதை அடக்கிவைத்து, சிறையில் காத்திருக்கிறாள். காத்திருந்ததற்குக் கிடைத்தது சுடுசொல்லும் நெருப்பும். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில், சீதை வாயாலேயே இதைக் கேட்கிற அகலிகைக்குத் தாங்கவில்லை, மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

இது காவியத்தோடு போகவில்லை. ‘மாயமான மாணவி மீட்பு’ என்ற செய்தியை விருத்தாசலம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் நாளிதழில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வயது வந்த பெண் தானாகப் போயிருப்பாள். புகாரில் அது கடத்தலாகும்.

அந்த விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. ஒரே ஊரின் முருகேசனும் கண்ணகியும் 2003இல் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தலித், அவள் வன்னியர். உறவினர்கள் தேடிப் பிடித்து இருவரையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை விதிக்க 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2025 ஏப்ரல். தண்டிக்கப்பட்டவர்களில் கண்ணகியின் தந்தையும் சகோதரனும் இருந்தார்கள். அவர்கள் கதையில் அவர்கள் கரந்தை சூடியவர்கள். தங்களுடையதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள். இங்கேயும் தீ இருந்தது. அதை எந்தப் படத்திலிருந்தும் வெட்டிவிட முடியாது.

அப்படியானால் மீட்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். கொத்தடிமையாகச் சூளையில் கிடப்பவளுக்கும், விற்கப்பட்ட சிறுமிக்கும் யாராவது போய்க் கதவை உடைத்தே ஆக வேண்டும். உடைத்தவர் அதன்பின் என்ன கேட்கிறார் என்பதுதான் என் கவலை. கேரளத்தின் ஹாதியாவை உயர் நீதிமன்றம் தந்தையிடம் ‘ஒப்படைத்தது’, வயது வந்த ஒருத்தியை. உச்ச நீதிமன்றம் அவளையே அழைத்துக் கேட்டது. 2018 மார்ச் 8 அன்று அவள் திருமணம் செல்லும் என்றது. கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

தமிழுக்குக் கரந்தை மட்டும் தெரியாது, உடன்போக்கும் தெரியும். மகள் விரும்பியவனோடு போய்விட்டாள். செவிலி பாலை வழியில் தேடிப் போகிறாள். எதிரே வருபவர்கள், அவள் போனது முறைதான், நீ திரும்பிப் போ என்கிறார்கள். செவிலி வெறுங்கையோடு திரும்புகிறாள். சங்ககாலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பெண்ணை வீட்டுக்குள் பூட்டும் இற்செறிப்பும் அதே பாடல்களில்தான் இருக்கிறது. ஆனாலும், தேடிப் போனவள் திரும்பிவிடலாம் என்று ஒரு மரபு எழுதிவைத்திருக்கிறது. அதைப் பரீட்சைக்குத் துறைப்பெயராக மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

இதை நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “போனவளுக்கே பின்னாடி வீட்டுக்கு வரணும்னு தோணினா, மேடம்?”

ஐங்குறுநூற்றில் அதற்கு ஒரு பத்தே இருக்கிறது, மறுதரவுப் பத்து. அவளை யாரும் கொண்டுவருவதில்லை, அவளே வருகிறாள். அடுத்த வகுப்பில் அதைப் படிப்போம் என்றேன்.