அழைப்பதற்கு ஒரு பெயர்

புதுதில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பு ஒன்றில் பெயர் சூட்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். பெண் மகவுக்குத் 'தன்ஷிகா' என்று பெயரிட்டனர். அதே கட்டடத்தில் முன்னரே ஓர் 'அன்ஷிகா' உண்டு. எதிர்க் கட்டடத்தில் ஒரு 'ஹன்ஷிகா'. மன்னார்குடியிலிருந்து வந்திருந்த பாட்டியார் தொட்டிலருகே குனிந்து மூன்று முறை அப்பெயரைச் சொல்ல முயன்றார். மூன்று முறையும் வெவ்வேறு பெயர்கள் வந்தன. அனைவரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பின்னர், "ராசாத்தி" என்று அழைத்தவாறு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். இல்லம் திரும்பும் வழியெல்லாம் அச்சிரிப்பு நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருவருடைய பெயர் யாருக்கு உரியது? பெற்றோர் அதனைத் தேர்கின்றனர். பிள்ளை அதனைச் சுமக்கிறது. ஆயினும் நாள்தோறும் அதனை நாவிற் கொள்வோர் பிறரே. நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். 'பெயரன்' என்னும் சொல்லே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேத்தியும் பெயர்த்தியே. பெயரிடும் வழக்கிலிருந்தே உறவுச்சொல் பிறந்தது.

இதற்காகப் பழம்பெயர்கள் யாவும் நல்லவை எனப் பாராட்ட நாம் முன்வரவில்லை. பெண்மகவு அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்டார்கள். பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர்தான். அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், தான் வேண்டப்படாதவள் என்பதைக் கேட்டுக்கொண்டே அப்பெண் வளர்ந்தாள். பொருள் விளங்காத பெயர் எவரையும் அவ்வாறு புண்படுத்துவதில்லை. சொன்ன மாத்திரத்தில் சாதியைக் காட்டிக்கொடுத்த பெயர்களும் நம்மிடையே இருந்தன. 'தன்ஷிகா'வைக் கேட்டு எவரும் சாதியை அறிய இயலாது. இது சிறு நன்மையன்று.

ஒத்த ஒலியும் புதிதன்று. கமலா, விமலா, நிர்மலா என்று உடன்பிறந்தாரை அழைத்த வீடுகளை நாம் அறிவோம். நம் வகுப்பிலேயே நான்கு சுரேஷ்கள். தலைப்பெழுத்தைக் கூறித்தான் ஆசிரியர் பிரித்தறிவார். ஆனால் பாட்டிமார் 'சுரேசு' என்றார்கள். சுரேஷும் திரும்பிப் பார்த்தான். எவரும் அவர்களைத் திருத்தியதில்லை. இன்றோ ஓர் எழுத்துப் பிசகினால் நாம் முதியவரைத் திருத்துகிறோம். எண்கணிதம் பார்த்துக் கூட்டிய ஆங்கில எழுத்து ஒரு சான்றிதழில் இருந்து மற்றொன்றில் விடுபட, அதற்கென உறுதிமொழிப் பத்திரம் தேடி அலைவோரைக் கோப்புகளுக்கிடையே நாம் காணாத மாதமில்லை. இத்தனை விரைவு ஏனோ! பெயரின்றியே பிறப்பைப் பதிந்துகொள்ள 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடந்தருகிறது. பெயரைப் பின்னர்ச் சேர்க்க 12 மாதம் கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை விதிகள் பொறுத்திருக்கும். பாட்டியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்வதற்கு இக்காலம் போதாதா?

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை. நம் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அலுவலகத்து வடநாட்டு நண்பர்களுக்கு அது இன்றளவும் வசப்படவில்லை. இருபது ஆண்டுகளாக நாம் அவர்களுக்கு வெறும் 'மதராசி பாபு'. சொந்தப் பெயரால் அழைக்கப்படாமை எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் மகள் பிறந்தபோது, தம் அன்னையாரின் பெயரான 'பொன்னம்மாள்' என்பதையே இடவேண்டும் என்று நம் தந்தையார் விரும்பியும் நாம் இசையவில்லை. பள்ளியில் பிள்ளைகள் நகைப்பார்கள் என்றோம். தில்லியின் நாவுக்கு இசைந்த 'ஹர்ஷிதா'வைத் தேர்ந்தோம். தில்லி பிழையின்றி அழைத்தது. எந்த நாவுக்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு நாம் அஞ்சவில்லை.

தந்தையார் தம் இறுதிக்காலம் வரை மாதம் தவறாமல் கடிதம் எழுதினார். "குழந்தைக்கு எம் ஆசிகள்" என்றே ஒவ்வொன்றும் முடியும். இவ்வாண்டு கோடை விடுமுறையில் பழைய பெட்டியைத் திறந்து அக்கடிதங்களை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தாத்தா ஏன் தன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை என்று வினவினாள். நாம் இன்னும் விடை கூறவில்லை.